கையடக்க ஜிபிஎஸ் கருவியிலும் கணினியிலும் வரைபடங்களை நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள் கார்மின் நிறுவனத்தின் கையடக்கக் கருவிகளை, குறிப்பாக எட்ரெக்ஸ், ஜிபிஎஸ்மேப் ஆகிய வரிசைகளை, மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இலவச வரைபடம் என்று சொல்லும் இடங்களிலெல்லாம், 2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து உருவாக்கப்பட்ட வரைபடத்தையே குறிப்பிடுகிறோம்.

கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு?

நகரத்துக்குள் தேவையே இல்லை. மழையிலும் கையுறையோடும் பொத்தானை அழுத்தி இயக்க வேண்டியவர்களுக்கும், மின்வசதி இல்லாத இடத்தில் இரண்டு ஏஏ பேட்டரியை மாற்றிவிட்டு நடையைத் தொடர வேண்டியவர்களுக்கும் மட்டுமே இக்கருவி இன்றும் பயன்படுகிறது. அவர்களுள் ஒருவராக நீங்கள் இல்லையெனில் கைப்பேசியே போதும்.

கருவியின் திரையில் தெரியும் வரைபடம் உண்மையில் எங்கே இருக்கிறது?

கருவிக்குள் உள்ள 'கார்மின்' என்னும் கோப்புறையில், 'ஐஎம்ஜி' என்று முடியும் கோப்பாக இருக்கிறது. இதை அறிந்துகொண்டால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். யூஎஸ்பி கேபிளால் கருவியைக் கணினியோடு இணைத்து அக்கோப்புறையைத் திறந்தால் பொதுவாகச் சில பெயர்களைக் காணலாம். 'ஜிமேப்பிமேப்' என்பது உலகின் பெருநகரங்களையும் முதன்மைச் சாலைகளையும் மட்டும் காட்டும் அடிப்படை வரைபடம். 'ஜிமேப்ப்ராம்' என்பது வாங்கும்போதே நிறுவனம் ஏற்றித் தந்த விரிவான வரைபடம். 'ஜிமேப்டிஇசட்' நேரமண்டலங்களைக் கணக்கிட உதவுவது. 'ஜிமேப்சப்' என்பது பின்னர் நாமாகச் சேர்க்கும் வரைபடத்துக்கு உரிய பெயர்.

முதல் மூன்றையும் அழிக்கக் கூடாது. இடம் போதவில்லை என்று 'ஜிமேப்ப்ராம்' கோப்பை அழித்துவிட்டுப் பின்னர் அதைத் திரும்பப் பெற அலைபவர்கள் உண்டு. எனவே, புதிய கருவியை இணைத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை 'கார்மின்' கோப்புறை முழுவதையும் கணினியில் ஒரு படி எடுத்து வைப்பதே. நாம் குறித்துவைத்த இடங்களான வழிப்புள்ளிகளும் நடந்த தடங்களும் அக்கோப்புறைக்குள் இருக்கும் 'ஜிபிஎக்ஸ்' என்ற உட்கோப்புறையிலேயே இருப்பதால், இதே படியில் அவையும் காப்பாகிவிடும்.

எல்லாக் கருவிகளும் புதிய வரைபடத்தை ஏற்குமா?

ஏற்கா. எட்ரெக்ஸ் 10, எட்ரெக்ஸ் எஸ்இ போன்ற கறுப்புவெள்ளைத் திரைக் கருவிகளில் விரிவான வரைபடத்தைச் சேர்க்க இயலாது. 2011-இல் வெளிவந்த எட்ரெக்ஸ் 20, 30 முதல் 2019-இன் 22எக்ஸ், 32எக்ஸ் வரையிலானவையும், ஜிபிஎஸ்மேப் 64, 65, 66 வரிசைகளும் ஏற்கும். அவற்றில் மைக்ரோ எஸ்டி கார்டு பொருத்தும் இடமும் உண்டு. பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் காலத்துக் கருவிகள் 'ஜிமேப்சப்' என்ற ஒரே பெயருடைய ஒரே கோப்பை மட்டும் படிக்கும்; அக்கோப்புக்குள்ளும் 2025 என்ற எண்ணிக்கைக்கு மேல் வரைபடத் துண்டுகள் இருக்கக் கூடாது. புதியவற்றில் கோப்புக்கு எப்பெயரும் இடலாம், பல கோப்புகளை அருகருகே வைக்கவும் செய்யலாம்.

இலவச வரைபடம் எங்கே கிடைக்கும்?

ஓப்பன்டோப்போமேப் திட்டம் நாடுவாரியாகக் கார்மின் கோப்புகளை ஆயத்த நிலையில் வழங்குகிறது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளைத் தனிக் கோப்பாகத் தருவதால் வேண்டாதபோது அவற்றை மட்டும் அணைத்து வைக்கலாம். பிபிபைக் என்னும் சேவையில் தேவையான பரப்பை நாமே கட்டமிட்டுக் கேட்டால், அப்பரப்புக்கு மட்டும் கோப்பு உருவாக்கித் தரப்படும். சிறிய பரப்பு போதுமென்றால் இரண்டாவதே சிறந்தது. ஒரு மலைத்தொடருக்காக இந்தியா முழுவதையும் சுமந்து திரிவதில் பொருளில்லை, பெரிய கோப்பு கருவியைத் தொடங்கும் வேகத்தையும் குறைக்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. தரவின் மூலத்தைக் குறிப்பிடும்வரை அதைப் படியெடுத்து நண்பர்களுக்குத் தருவதில் தடையில்லை.

பதிவிறக்கிய கோப்பைக் கருவியில் ஏற்றுவது எப்படி?

கோப்பு சுருக்கப்பட்ட நிலையில் இருந்தால் முதலில் அதை விரித்து 'ஐஎம்ஜி' கோப்பை வெளியே எடுக்க வேண்டும். சுருக்கிய கோப்பை அப்படியே ஏற்றினால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. பின்னர் கோப்பின் பெயரை, எந்தப் பகுதி, எந்த மாதத்துத் தரவு என்பது விளங்கும்படி மாற்றிக்கொள்வது நல்லது. மெமரி கார்டைக் கருவியிலிருந்து எடுத்துக் கார்டு ரீடர் வழியாகக் கணினியில் செருகி, கார்டின் முதல் நிலையில் 'கார்மின்' என்ற பெயரில் கோப்புறை இல்லையெனில் ஒன்றை உருவாக்கி, அதற்குள் கோப்பைப் படியெடுத்து, கணினியின் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பிறகே கார்டை உருவ வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்துவிட்டு, பாதி எழுதப்பட்ட கோப்பைக் கருவி படிக்க மறுக்கும்போது வரைபடத்தைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது.

கேபிள் வழியாகவும் இதையே செய்யலாம், ஆனால் பெரிய கோப்புகளுக்கு அது மிக மெதுவானது. மேலும், சில புதிய கருவிகள் கேமரா, கைப்பேசி போல எம்டிபி முறையில் மட்டுமே இணைவதால் கணினியில் தனி டிரைவாகத் தெரியமாட்டா. மேக் கணினியில் அவற்றைத் திறக்கத் தனி மென்பொருளே வேண்டியிருக்கும். கார்டு ரீடர் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கார்டைக் கருவியில் மீண்டும் பொருத்தி, அமைப்புகளில் வரைபடப் பகுதிக்குச் சென்று, பட்டியலில் புதிய பெயர் தோன்றுகிறதா, அது இயக்க நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவும். பெயர் தோன்றியும் திரை வெறுமையாக இருந்தால், நீங்கள் நிற்கும் இடம் அந்த வரைபடத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும்.

எவ்வளவு பெரிய கார்டு வாங்கலாம்?

32 ஜிபி வரை. அதற்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் வடிவமைக்கப்பட்டு வருவதால் பெரும்பாலான கையடக்கக் கருவிகள் அவற்றை ஏற்பதில்லை. கருவிகள் ஏற்கும் ஃபேட்32 முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவைத் தாண்டவும் முடியாது. அதைவிடப் பெரிய வரைபடத்தை இரண்டு மூன்று கோப்புகளாகப் பிரித்தே வைக்க வேண்டும். நடைப்பயணத்துக்கு மட்டும் என்றால் 8 ஜிபி கார்டே நிறையாது.

மேப்இன்ஸ்டால் மூலம் ஒரு வரைபடத்தை ஏற்றியதும் முன்பு இருந்த வரைபடம் காணாமற்போனது ஏன்?

கணினியிலிருந்து கருவிக்கு வரைபடத்தை அனுப்பும் கார்மின் மென்பொருள்களான மேப்இன்ஸ்டால், அதற்கு முந்தைய மேப்சோர்ஸ் ஆகிய இரண்டும் தாம் எழுதும் கோப்புக்கு எப்போதும் 'ஜிமேப்சப்' என்ற ஒரே பெயரையே இடுகின்றன. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதன்மேலேயே எழுதிவிடும். இதைத் தடுக்க, ஒரு வரைபடத்தை ஏற்றி முடித்தவுடன் கார்டில் அதன் பெயரை மாற்றிவிட்டுப் பிறகு அடுத்ததை ஏற்றினால் போதும். ஒரே கோப்பை மட்டும் படிக்கும் பழைய கருவி வைத்திருப்போர், வேண்டிய வரைபடங்கள் அனைத்தையும் ஒரே முறையில் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அல்லது ஜிமேப்டூல் போன்ற சிறு மென்பொருளால் பல கோப்புகளை ஒன்றாக இணைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வரைபடங்களை ஏற்றியிருக்கிறேன். ஒன்று மட்டுமே தெரிகிறது. என்ன காரணம்?

மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த இரண்டு தாள்களில் மேலுள்ளது மட்டும் தெரிவதைப் போன்றதே இது. ஒவ்வொரு வரைபடத்துக்குள்ளும் வரையும் முன்னுரிமை என்றொரு எண் பதிந்திருக்கிறது. ஒரே பரப்பை மூடும் இரண்டு வரைபடங்களில் அவ்வெண் மிகுந்தது மேலே வரும். சமஉயரக் கோடுகள் மட்டும் கொண்ட கோப்புகள் ஊடுருவிப் பார்க்கத்தக்கவையாக உருவாக்கப்படுவதால், அவற்றின் கீழ் சாலைகளும் தெரியும். மற்ற வரைபடங்களைப் பொறுத்தவரை, ஒரு பகுதிக்கு ஒன்றை மட்டும் இயக்கி மற்றவற்றை அணைத்து வைப்பதே எங்கள் பரிந்துரை. இரண்டையும் இயக்கினால் திரை குழம்புவதோடு, வழி கணக்கிடும்போது கருவி இரண்டில் எதன் சாலைகளைப் பின்பற்றுகிறது என்பதும் தெளிவாகாது.

இதைவிடக் குழப்பமானது இன்னொன்று. ஒவ்வொரு வரைபடத்துக்கும் குடும்ப எண் என்ற அடையாளம் உண்டு. வெவ்வேறு இடங்களிலிருந்து பெற்ற இரண்டு கோப்புகளுக்குத் தற்செயலாக ஒரே குடும்ப எண் இருந்துவிட்டால், ஒன்றின் நிறங்களும் குறிகளும் மற்றொன்றில் தோன்றும். காடு நீலமாகவும் ஓடை சிவப்புக் கோடாகவும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஜிமேப்டூல் கொண்டு ஒன்றின் எண்ணை மாற்றலாம்.

கணினியிலும் அதே வரைபடத்தைப் பார்ப்பது எப்படி?

கார்மினின் பேஸ்கேம்ப் மென்பொருளை இலவசமாக நிறுவலாம். அதைப் புதிதாக நிறுவும்போது உலகின் அடிப்படை வரைபடம் மட்டுமே தெரியும். விரிவான வரைபடத்தை நாம்தான் தர வேண்டும். எளிய வழி, வரைபடம் ஏற்றிய கார்டையோ கருவியையோ இணைத்துவிட்டுப் பேஸ்கேம்பைத் திறப்பது. அது கார்டில் உள்ள கோப்பை அங்கிருந்தே படித்துக்கொள்ளும். 'கார்மின்' கோப்புறைக்குள் 'ஜிமேப்சப்' கோப்பை வைத்த ஒரு பென் டிரைவும் இதே வேலையைச் செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நிரந்தரமாகக் கணினியிலேயே வைக்க விரும்பினால், வரைபடத்தை 'ஜிமேப்' என்று முடியும் கோப்புறை வடிவில் பெற வேண்டும். விண்டோஸில் 'ப்ரோக்ராம்டேட்டா' என்ற மறைந்த கோப்புறைக்குள், 'கார்மின்' என்பதன் கீழுள்ள 'மேப்ஸ்' கோப்புறையில் அதை வைத்தால், அடுத்த முறை பேஸ்கேம்பைத் திறக்கும்போது வரைபடப் பட்டியலில் அது சேர்ந்திருக்கும். அங்கிருந்து மேப்இன்ஸ்டால் வழியாகக் கருவிக்கும் அனுப்பலாம்.

பேஸ்கேம்பின் வளர்ச்சிப் பணி நின்றுவிட்டது. இப்போதைக்கு அது இயங்குகிறது. ஆனால் புதிதாகக் கற்கத் தொடங்குவோர் க்யூமேப்ஷேக் என்ற திறந்தமூல மென்பொருளிலிருந்தே தொடங்குவது நல்லது என்று கருதுகிறோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் அது, பூட்டப்படாத கார்மின் கோப்புகளையும், படவடிவ வரைபடங்களையும், உயரத் தரவையும் ஒரே திரையில் அடுக்கிக் காட்டும். பழகச் சில நாள் ஆகும்; அதன் பட்டியல்கள் முதல் பார்வையில் யாரையும் மிரட்டும்.

லினக்ஸ் கணினியில் கார்மின் மென்பொருள் இல்லையே?

தேவையில்லை. கோப்பைப் படியெடுப்பதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். பார்ப்பதற்கு க்யூமேப்ஷேக் இருக்கிறது. வரைபடத்தை நாமே உருவாக்க உதவும் எம்கேஜிமேப் ஜாவாவில் எழுதப்பட்டதாகையால் அதுவும் லினக்ஸில் இயங்கும்.

விலை கொடுத்து வாங்கிய வரைபடத்தை இன்னொரு கருவிக்கு மாற்றலாமா?

பொதுவாக இயலாது. பதிவிறக்கமாக வாங்கிய வரைபடம் குறிப்பிட்ட கருவியின் அடையாள எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். கார்டில் ஏற்றி விற்கப்படும் வரைபடம் அந்தக் கார்டோடு பூட்டப்பட்டிருக்கும். அக்கார்டைக் கருவி மாற்றிப் பயன்படுத்தலாம், ஆனால் கோப்பை வேறு கார்டுக்குப் படியெடுத்தால் திறக்காது. கருவியின் கோப்புறையில் 'யூஎன்எல்', 'ஜிஎம்ஏ' என்று முடியும் சிறு கோப்புகளைக் கண்டால் அவை இப்பூட்டுக்கான சாவிகள் என்று அறிந்து, தொடாமல் விட வேண்டும்.

ஊர்ப் பெயர்கள் தமிழில் தெரியுமா?

தெரியா. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓர் இடத்துக்கு மூலப் பெயரோடு தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் ஆகியவற்றையும் தனித்தனியாகப் பதிய இடமிருக்கிறது. கார்மின் கையடக்கக் கருவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததே தடை. யூனிகோடு முறையில் உருவாக்கிய வரைபடங்களைச் சில புதிய கருவிகள் உறுதிப்படுத்த இயலவில்லை என்று சொல்லி ஏற்கவும் மறுக்கின்றன. எனவே ஆயத்தக் கோப்புகள் லத்தீன் எழுத்து முறையிலேயே உருவாக்கப்படுகின்றன. மூலப் பெயர் தமிழில் மட்டும் பதியப்பட்ட சிற்றூர் அல்லது கோயில், திரையில் கேள்விக்குறிகளாகவோ படிக்க முடியாதபடி திரிந்த எழுத்துக் கோவையாகவோ தோன்றுவது இதனால்தான்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. முதலாவது, வரைபடத்தை நாமே உருவாக்குவது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள ஜியோஃபாப்ரிக் நிறுவனம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை நாள்தோறும் நாடுவாரியாகப் பிரித்து வெளியிடுகிறது. இந்தியா மண்டலங்களாகவும் பிரிக்கப்பட்டிருப்பதால், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் தென்மண்டலக் கோப்பு மட்டும் போதும், இலங்கைக்குத் தனிக் கோப்பு உண்டு. அதை ஸ்ப்ளிட்டர் என்ற துணைநிரலால் துண்டுகளாக்கி எம்கேஜிமேப்புக்குக் கொடுக்கும்போது, பெயர்களை எந்த வரிசையில் தேட வேண்டும் என்று கட்டளையிலேயே குறிப்பிடலாம். ஆங்கிலப் பெயரை முதலில் தேடு, இல்லையெனில் மூலப் பெயரை எடுத்துக்கொள் என்று சொன்னால் பெரும்பாலான கேள்விக்குறிகள் மறைந்துவிடும். அதே கட்டளையில் வழி கணக்கிடும் வசதியையும் பெயர் தேடும் அட்டவணையையும் சேர்க்கச் சொல்ல மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் வரைபடம் பார்ப்பதற்கு மட்டுமே உதவும்.

இரண்டாவது தீர்வு, விடுபட்ட ஆங்கிலப் பெயரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே சேர்த்துவிடுவது. தமிழ்ப் பெயரை அழித்துவிட்டு ஆங்கிலத்தை இடுவது தவறு. இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது.

சமஉயரக் கோடுகளை எவ்வளவு நம்பலாம்?

இலவச வரைபடங்களின் சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் எஸ்ஆர்டிஎம் என்னும் விண்ணோட ரேடார் அளவீட்டின் தரவிலிருந்து வரையப்பட்டவை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் மூலம் வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரையிலான நிலப்பரப்பின் உயரத்தை அளந்தது. அதன் மிக நுண்ணிய வடிவத்தில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி இருக்கிறது. இதிலிருந்து இரண்டு விளைவுகள் தோன்றுகின்றன. அடர்ந்த காட்டில் ரேடார் அலை தரையை அடையாமல் மரங்களின் மேற்பகுதியிலேயே திரும்பிவிடுவதால், அங்கே காட்டப்படும் உயரம் தரையின் உயரம் அன்று. அடுத்து, 30 மீட்டர் இடைவெளிக்குள் அடங்கிவிடும் செங்குத்துப் பாறை வரைபடத்தில் சரிவாக மென்மைப்பட்டுவிடும். நீலகிரி, பழனி மலை விளிம்புகளில் கோடுகள் நெருங்கி நிற்கும் இடத்தைக் கடினமான ஏற்றம் என்று படித்துவிடக் கூடாது; அது இறங்கவே முடியாத பாறை முகமாகவும் இருக்கலாம். 10 மீட்டர் இடைவெளிக் கோடுகள் கொண்ட கோப்பு 20 மீட்டர்க் கோப்பைவிடத் துல்லியமானது என்று எண்ணுவதும் பிழை. மூலத் தரவு ஒன்றே; கோடுகள் மட்டுமே கூடுகின்றன, கூடவே திரை வரையும் நேரமும் கூடுகிறது.

காகித வரைபடத்தைப் படமெடுத்துக் கருவியில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். 2009-இல் கார்மின் அறிமுகப்படுத்திய கஸ்டம் மேப்ஸ் வசதிக்கு, கூகுள் எர்த்தில் படத்தைத் தரையோடு பொருத்தி, கேஎம்இசட் கோப்பாகச் சேமித்து, 'கார்மின்' கோப்புறைக்குள் 'கஸ்டம்மேப்ஸ்' என்ற உட்கோப்புறையில் வைத்தால் போதும். ஒவ்வொரு படத் துண்டும் 1024-க்கு 1024 புள்ளிகள் என்ற அளவைத் தாண்டினால் கருவி அதைச் சுருக்கிவிடும், எழுத்துகள் மங்கும். எட்ரெக்ஸ் 30 போன்றவற்றில் 100 துண்டுகள்தாம் எல்லை. எனவே ஒரு பள்ளத்தாக்குக்கு இது பொருந்தும், ஒரு மாவட்டத்துக்குப் பொருந்தாது.

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது. அவை எவரெஸ்ட் 1830 என்ற புவி உருவ அளவை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறோர் அளவு. தாளின் ஓரத்தில் அச்சிட்ட பாகை எண்களை அப்படியே நம்பிப் படத்தைப் பொருத்தினால், தென்னிந்தியப் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகிவிடும். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்ட திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ்84 அடிப்படையிலேயே வந்தவை. பழைய தாளே கையில் இருந்தால், பாகை எண்களை விட்டுவிட்டு, இன்றும் மாறாமல் இருக்கும் கோயில், அணை, சாலைச் சந்திப்பு போன்ற புள்ளிகளைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பொருத்துவதே மேலானது.

கணினியில் நான் வரைந்த வழி கருவியில் வேறாகக் காட்டுவது ஏன்?

வழி என்பது சில புள்ளிகளின் வரிசை மட்டுமே. அப்புள்ளிகளுக்கு இடையே எப்படிச் செல்வது என்பதைக் கருவி தன்னிடமுள்ள வரைபடத்தையும் தன் அமைப்புகளையும் கொண்டு மீண்டும் கணக்கிடுகிறது. கணினியில் ஜனவரி மாத வரைபடமும் கருவியில் முந்தைய ஆண்டு வரைபடமும் இருந்தாலோ, கருவி நடைக்குப் பதிலாகக் கார் ஓட்டும் முறையில் இருந்தாலோ விடை மாறும். தடம் அவ்வாறன்று. அது நெருங்கிய புள்ளிகளால் ஆன கோடு. எந்த வரைபடத்தின் மேல் வைத்தாலும், வரைபடமே இல்லாவிட்டாலும், மாறாது. மலைப்பாதைக்கு எப்போதும் வழியைத் தடமாக மாற்றி அனுப்புங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

பயணத்துக்கு முன் ஒருமுறை. பழைய கோப்பை உடனே அழிக்காமல் பயணம் முடியும்வரை கணினியில் வைத்திருங்கள். கருவியோடு வந்த வரைபடத்தையும் கருவியின் உள்மென்பொருளையும் புதுப்பிக்கக் கார்மின் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நாமாகச் சேர்த்த இலவச வரைபடத்தை அது புதுப்பிக்காது.

வரைபடத்தில் பாதை இருந்தால் அங்கே செல்லலாம் என்று பொருளா?

இல்லை. காப்புக்காடுகளிலும் புலிகள் காப்பகங்களிலும் உள்ள பல பாதைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையப்பட்டிருக்கின்றன. அவற்றில் நடக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் 2024-இல் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. அவற்றிலும் வழிகாட்டி உடன் வருவார். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சாதாரண ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள் குறிப்பலையைப் பெறுவது மட்டுமே செய்கிறது. இன்ரீச் வசதி கொண்ட கருவிகளோ, ஜிபிஎஸ்மேப் 66ஐ, 67ஐ போல, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் வல்லவை. அவற்றை உரிய அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் கருவியாக இருந்தால், பெயரின் இறுதியில் அந்த 'ஐ' எழுத்து இல்லாததைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

வரைபடத்தை ஏற்றிய பின் கருவி தொடக்கத் திரையிலேயே நின்றுவிட்டது. பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை, சிதைந்த கோப்பைப் படிக்க முயன்று நிற்கிறது. கோப்பு கார்டில் இருந்தால் கார்டை எடுத்துவிட்டுக் கருவியை இயக்கிப் பாருங்கள். உள் நினைவகத்தில் ஏற்றியிருந்தால் சற்றுக் கூடுதல் வேலை: எட்ரெக்ஸ் 20, 30 ஆகியவற்றில் கட்டைவிரலால் இயக்கும் சிறு குச்சியை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே யூஎஸ்பி கேபிளைக் கணினியோடு இணைத்து, கணினியில் டிரைவ் தோன்றும்வரை விடாமல் பிடித்திருந்தால், கருவி வரைபடங்களைப் படிக்காமலேயே இணைப்பு நிலைக்கு வந்துவிடும். அரை நிமிடம் வரை ஆகலாம். பின்னர் கடைசியாக ஏற்றிய கோப்பை மட்டும் அழித்துவிட்டு, கணினியில் உள்ள மூலக் கோப்பின் அளவை பதிவிறக்கப் பக்கத்தில் குறிப்பிட்ட அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைவாக இருந்தால் மீண்டும் பதிவிறக்கி ஏற்றவும்.